பிரூல் கூடை: அல்மோரா மலையில் தோழிகளோடு கற்ற கைவேலை

பைன் மரத்தின் காய்ந்த இலையில் கூடை செய்கிறார்கள் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓலைப்பெட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் செட்டிநாட்டுக் கொட்டானிலும் தென்மாவட்டப் பனையோலைப் பெட்டியிலும் ஓலை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்படுகிறது. பைன் இலைக் கூடையிலோ பின்னல் என்பதே கிடையாது. இலைகளைக் கற்றையாகச் சேர்த்து நீண்ட திரியாக்கி, அந்தத் திரியைச் சுற்றிச் சுற்றி வளைத்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு நூலால் தைத்துக்கொண்டே போவதுதான் முழு வேலையும். ஆகவே ரவிக்கைக்குக் கொக்கி வைக்கத் தெரிந்த எவருக்கும் இதன் அடிப்படை ஒரு பிற்பகலில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது திரியின் பருமன். அதைச் சீராக வைத்திருப்பதற்கான வேலை, ஊசியில் நூல் கோப்பதற்கு வெகு முன்பே, இலை பொறுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைத்தான் உத்தராகண்டின் குமாவுன் மலையில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டோம்.

கல்லூரித் தோழிகளான நாங்கள் ஐவர், ஐம்பதை ஒட்டிய வயதினர், மே மாதத்தில் டெல்லியிலிருந்து இரவு ரயிலில் காட்கோதாம் சென்று, அங்கிருந்து வண்டி பிடித்து அல்மோராவுக்கு அப்பால் பின்சர் போகும் வழியிலுள்ள ஒரு சிற்றூரில் தங்கினோம். சுற்றுலாவாக மட்டும் பார்த்தால் மே மாதம் அங்கே சிறந்த பருவமன்று; தூசியும் காட்டுத்தீயின் புகையும் சேர்ந்து திரிசூல் சிகரத்தையும் நந்தாதேவியையும் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆனால் சிர் பைன் மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அதுவே. உதிர்ந்த இலைக்கு அங்கே பிரூல் என்று பெயர். அல்மோரா, நைனிதால் பக்கத்து மகளிர் குழுக்கள் இதில் ரொட்டிக் கூடை, தட்டு, பூச்சாடி உறை, காதணி என்று பலவும் செய்து விற்கின்றன. அப்படியொரு குழுவில் வேலை செய்யும் ஓர் அம்மையார், தங்கும் விடுதி நடத்துபவரின் ஏற்பாட்டில் எங்களுக்குக் கற்றுத்தர ஒப்புக்கொண்டார். ஊர் வழக்கப்படி அவரை நாங்கள் தீதி (அக்கா) என்றே அழைத்தோம்.

இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கற்றுத்தருபவருக்கு நாள் கணக்கில் எவ்வளவு ஊதியம் என்பதைப் போவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மலைக் கிராமத்துப் பெண்களுக்கு மாடு, புல், தண்ணீர், வயல் என்று விடியலிலிருந்து வேலை இருக்கிறது. அவர்கள் நமக்காக ஒதுக்கும் பிற்பகல் சும்மா கிடைத்த நேரமன்று. நாங்கள் காலைப்பொழுதை நடைக்கும் ஊர் பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டு, தீதியின் வேலை ஓய்ந்த பிறகு மதியத்துக்கு மேல் அவர் வீட்டு முற்றத்தில் கூடினோம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் இந்த வேலை செய்யவே முடியாது என்பதால் அந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்தியது. பழுப்பு இலைமேல் பழுப்பு நூல் விழும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சூரிய வெளிச்சமும் படிக்கும் கண்ணாடியும் வேண்டும்.

முதல் நாள் ஊசியே கைக்கு வரவில்லை. தீதி எங்களைக் காட்டுச் சரிவுக்கு அழைத்துப்போனார். காய்ந்த பிரூலின்மேல் நடப்பது எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதற்கு ஒப்பானது. ரப்பர் செருப்போடு வந்தவர்கள் மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. அழுத்தமான அடிப்பகுதியுள்ள காலணியும் கைக்கு ஒரு கோலும் இல்லாமல் பைன் சரிவில் இறங்காதீர்கள். எங்களில் ஒருத்தி தாவரவியல் ஆசிரியை. இலைக்கொத்தை எடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னவள் அவள்தான். சிர் பைனில் ஒவ்வொரு கொத்திலும் மூன்று இலைகள், ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. நீளத்தில், அடியில் ஒரு பழுப்பு உறைக்குள் சேர்ந்திருக்கும். இன்னும் உயரமான இடங்களில் வளரும் கைல் பைனில் ஐந்து இலைகள். அவை மெல்லியவை, நீளமும் குறைவு. சிர் மரத்துக்குத் தாவரவியலில் ராக்ஸ்பர்க்கின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்றும், அந்த வில்லியம் ராக்ஸ்பர்க் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் போவதற்கு முன் மதராஸ் மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர் என்றும் அவள் சொன்னபோது, அந்நிய மரமொன்று சற்றே நெருங்கி வந்தது போலிருந்தது.

பொறுக்குவதில் மூன்று தெரிவுகள் உள்ளன. அந்தப் பருவத்தில் விழுந்து இன்னும் மழை படாத இலை செம்பழுப்பாக, மினுமினுப்போடு இருக்கும், அதுவே வேண்டும். முந்தைய ஆண்டு விழுந்து மழையில் நனைந்து வெளுத்ததும், கரும்புள்ளி விழுந்ததும் வளைத்தால் முறியும். அவற்றைத் தொடவே கூடாது. பச்சை இலையை மரத்திலிருந்து பறித்தால் நிறம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் காயக் காய அது சுருங்கி, தைத்த நூல்களெல்லாம் தொளதொளத்துப் போகும். பச்சை நிறந்தான் வேண்டுமென்றால் காற்றில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து எடுத்து, வெயில் படாமல் நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். தீதி தரையில் கிடந்ததைவிடப் புதர்களின்மேல் விழுந்து தொங்கியதையே அதிகம் எடுத்தார். அதில் மண்ணில்லை, பூச்சியில்லை, இலையும் நேராக இருந்தது. எடுக்கும்போதே உறையுள்ள நுனிகளையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் அள்ளி வந்த குவியலைப் பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கும்போதுதான் அந்தச் சிறு பழக்கம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது விளங்கியது.

கொண்டுவந்ததை வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புப் பொடியிட்டு அலசி, பிறகு கொதித்து இறக்கிய நீரை ஒரு நீண்ட தட்டில் ஊற்றி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். விரலில் சுற்றினால் முறியாமல் வளைய வேண்டும், அதுவே பதம். ஊறியதும் அடியிலுள்ள பழுப்பு உறையைக் கட்டைவிரல் நகத்தால் இழுத்தால் கழன்றுவிடும். சிலர் அந்த உறையைக் கழற்றாமல், அலங்காரமாக வெளியே தெரியும்படி விட்டுவிடுகிறார்கள். முதல் கூடைக்கு அது வேண்டாம், நூல் அதில் சிக்கும். பிறகு தண்ணீரை வடித்து, ஈரத் துண்டில் சுற்றிவைத்து, வேண்டிய அளவு மட்டும் உருவி எடுத்துக்கொள்ள வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த இலையில் தைத்தாலும் காய்ந்தபின் தளர்ந்துதான் போகும். மிச்சத்தை அன்றிரவே விரித்துக் காயவைத்துவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் திரும்ப ஊறவைப்பதால் ஒன்றும் கெடாது.

தேவைப்படும் கருவிகள் மிகச் சில. கம்பளி தைக்கும் மொட்டை முனை ஊசி ஒன்று, மெழுகு ஏற்றிய பருத்தி நூலோ ராஃபியா என்னும் பனைவகை நாரோ, கத்தரிக்கோல், ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய்த் துண்டு. இந்தக் குழாய்த்துண்டுதான் தொடங்குபவர்களின் உயிர்நாடி. தீதிக்கு அது தேவைப்படவில்லை. அவர் விரல்களே அளவுகோல். எங்களுக்காகப் பழைய பேனாவின் உடலை வெட்டித் தந்தார். இலைக்கற்றை இந்தக் குழாய்க்குள் நுழைந்து வெளிவந்து திரியாகிறது. குழாய் ஆடத் தொடங்கினால் இலை குறைந்துவிட்டது, நகர மறுத்தால் மிகுந்துவிட்டது என்று பொருள்.

தொடக்கச் சுழி கடினமானது. பத்துப் பன்னிரண்டு இலைகளைச் சேர்த்து, ஒரு முனையில் 3 செ.மீ. தூரத்துக்கு நூலை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றி, அந்தப் பகுதியை வளைத்து நடுவில் துளையே தெரியாத ஒரு சிறு வளையமாக்கி, நூலை அதன் நடுவாக இரண்டு மூன்று முறை செலுத்தி இறுக்க வேண்டும். இறுக்கும் கணத்தில் வளையம் விரலிலிருந்து நழுவி விரிந்துவிடுகிறது. தீதி அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, நடுவிரலால் திரியின் வாலை உள்ளங்கையோடு அழுத்திக்கொண்டார். அந்த மூன்றாவது விரலின் வேலையைக் கண்டுகொண்ட பிறகே எங்களில் ஒவ்வொருத்திக்கும் சுழி நின்றது. இந்தி எங்களுக்கு அரைகுறை, தமிழ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ‘தீலா’ (தளர்வு), ‘பராபர்’ (சரி) என்ற இரண்டு சொற்களிலேயே பாடம் நடந்தது. அதற்கு மேல் தேவையும் இருக்கவில்லை. சுழியே வரவில்லையென்றால் அதற்கும் மாற்று உண்டு: ஓரத்தைச் சுற்றித் துளையிட்ட மெல்லிய மர வட்டத்தை நடுவில் வைத்து, அதன் துளைகளில் முதல் சுற்றைத் தைத்துவிடலாம். நம் ஊரில் கொட்டாங்கச்சியை வட்டமாக அறுத்துத் தேய்த்துத் துளையிட்டால் இதற்கு வெகு பொருத்தமாக இருக்கும்.

சுழி நின்றபின் வேலை ஒரே தாளத்தில் ஓடுகிறது. ஊசியைப் பின்புறமிருந்து முன்புறமாக, கீழ்ச்சுற்றின் இலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குத்திப் பிடித்தபடி, அந்தச் சுற்றிலுள்ள தையலுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவர வேண்டும். பிறகு நூலைப் புதிய திரியின்மேல் சுற்றி இழுக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் கீழுள்ள தையலின் அதே பக்கத்தில் விழுந்தால், நடுவிலிருந்து ஓரம் வரை நூல்கள் வளைந்த ஆரங்களாகத் தாமே வரிசை பிடிக்கும். வேறு அலங்காரமே வேண்டியதில்லை. சுற்றுப் பெருகப் பெருகத் தையல்களுக்கு இடையிலான தூரமும் கூடிக்கொண்டே போகும். அது ஒன்றரை செ.மீ.க்கு மேல் போனதும் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு புதுத் தையலைச் சேர்த்துவிட வேண்டும். அந்தச் சுற்று முழுவதும் சேர்க்க வேண்டும், நினைத்த இடத்தில் மட்டும் சேர்த்தால் வடிவம் குலையும். நூல் இரு கை விரித்த நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். முடிந்துபோன நூலுக்கு முடிச்சுப் போடாமல், வாலைத் திரிக்குள்ளேயே ஓட்டி மறைத்து, புது நூலையும் திரிக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும்.

இலை சேர்ப்பதில்தான் கூடையின் தலையெழுத்து இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் வாழும் குஷாட்டா பழங்குடியினர் இதே சுருள் முறையில் பெயர்பெற்ற கூடைகளைச் செய்கிறார்கள்; அவர்கள் பயன்படுத்தும் நீளிலைப் பைனின் இலை 45 செ.மீ. வரைகூட வளரும். சிர் இலை அதைவிடக் குட்டை என்பதால் அடிக்கடி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் சற்றே தளர்ந்ததும் ஒரு கொத்தை, உறையிருந்த முனை முதலில் போகும்படி, திரியின் ஓரத்தில் அல்லாமல் நட்டநடுவில் செருக வேண்டும். ‘எப்படியும் தேவைப்படும்’ என்று நான்கைந்து கொத்துகளை ஒரே இடத்தில் திணித்தால் அங்கே ஒரு கட்டி விழும். அவை அனைத்தும் ஒரே இடத்தில் முடியவும் செய்யும் என்பதால் சற்றுத் தள்ளி ஒரு பள்ளமும் விழும். கை முறுக்குச் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாவு விரலிலிருந்து இறங்கும் சீர்தான் இதிலும். எங்களுள் அம்மாவிடம் கை முறுக்குப் பழகிய திருநெல்வேலிக்காரிதான் குழாயை முதலில் கழற்றி எறிந்தவள்.

அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டுமென்றால் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். நூலை அளவுக்கு மீறி இறுக்கினால் தட்டு கிண்ணமாகக் குழிந்துகொள்ளும். தளரவிட்டால் ஓரம் அலையலையாக நெளியும். ஓரிரு சுற்றுக்கு ஒருமுறை தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாலே இரண்டும் தெரிந்துவிடும். சுவர் எழுப்பும்போது புதிய திரியைப் பழைய திரியின் பக்கத்தில் வைக்காமல் அதன் தலைமேல் வைக்க வேண்டும். வாய் விரிந்த கூடைக்குப் பாதி பக்கமாகவும் பாதி மேலாகவும் வைத்துச் செல்ல வேண்டும். முடிக்கும் இடத்தில் கடைசி 5, 6 செ.மீ. தூரத்துக்கு இலைகளை ஏற்ற இறக்கமாக நறுக்கித் திரியை மெலியவைத்து, கீழ்ச்சுற்றோடு கரைந்துபோகும்படி நெருக்கமாகத் தைத்துவிட வேண்டும்.

குழுவாகக் கற்கும்போது ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. ஒரே இலை, ஒரே நூல், ஒரே ஆசிரியர்; ஆனாலும் ஐந்து பேரின் தட்டுகளும் ஐந்து விதமாக வந்தன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எந்தப் பிழை எதனால் வந்தது என்பது எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகத் தெரிந்தது. தொல்லை, பேச்சு. பழைய கதைகள் சூடேறும்போது தையலின் இடைவெளி நீண்டுவிடும். யாரோ எதற்கோ சிரித்த இடத்தைத் தட்டிலேயே விரல்வைத்துக் காட்டலாம். வேகமாக முடிப்பவர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் அடுத்த கட்டத்துக்குப் போவதும், மெல்லச் செய்பவரை யாரும் அவசரப்படுத்தாமல் இருப்பதும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டியவை. முதுகுக்குச் சுவரில் சாய்மானம் வைத்துக்கொண்டு, அவ்வப்போது எழுந்து நடக்கவும் வேண்டும். முதல் முயற்சிக்குத் தேநீர்க் கோப்பை வைக்கும் சிறு தட்டே போதும். ரொட்டிக் கூடை பழகிய கைக்கே சில நாள் வேலை. விடுமுறைக்குள் அதை முடித்துவிடலாம் என்று தொடங்குவது வீண் பரபரப்பு.

இந்தக் கைவேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிரூல் கூடை காட்டுத்தீயைத் தடுக்கிறது என்று சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பிசின் கலந்த இந்த இலை மலைச்சரிவெங்கும் கனமாகப் படிந்து, கோடையில் ஒரு பொறி பட்டாலே தீயை ஓடவிடுகிறது என்பது உண்மை. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் சிலர் உயிரிழந்தார்கள். ஆனால் ஒரு ரொட்டிக் கூடைக்கு இரு கை கொள்ளும் இலை போதும். ஒரே ஒரு சரிவில் கிடப்பதோ வண்டி வண்டியாக. கால்நடைத் தொழுவத்தில் விரிப்பதும், எரிகட்டியாக அழுத்துவதும், குமாவுனிலேயே உள்ள பெரிநாக் ஊர்ப் பக்கத்தில் நடப்பதுபோல் எரிவாயுவாக்கி மின்சாரம் எடுப்பதும்தான் அந்த அளவைத் தொடக்கூடிய வழிகள். கூடை செய்வது வேறொன்று: வீட்டை விட்டுப் போகாமல், முதலீடு ஏதுமின்றி, ஒரு பெண்ணின் கைக்குத் தன் பணம் வருகிறது. அதுவே போதுமான நியாயம். காட்டைக் காப்பாற்றும் பாரத்தையும் அவர் கூடையில் ஏற்ற வேண்டியதில்லை. கற்றுக்கொண்ட பிறகு அல்மோராக் கடைத்தெருவில் பிரூல் கூடைகளைப் பார்த்தபோது எங்களில் எவரும் விலை பேசவில்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை தையல் என்று எண்ணத் தெரிந்துவிட்டால் பேரம் பேச வாய் வராது.

செய்து முடித்ததை நன்றாகக் காயவிட்டு, தேன்மெழுகைச் சிறிது தேங்காய் எண்ணெயோடு உருக்கி மெல்லிய துணியால் தடவி, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் இலைக்குள் இறங்கவிட்டால் மினுமினுப்பும் உறுதியும் கூடும். எண்ணெய் மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மிகுந்தால் சிக்கு வாடை அடிக்கும். கழுவக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைக்கலாம். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது பூஞ்சை பிடிக்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். விமானத்தில் திரும்புகிறவர்கள் ஊசியையும் கத்தரிக்கோலையும் கைப்பையில் வைக்காமல் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஊருக்கு வந்தபின் இலைக்கு எங்கே போவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். திருநெல்வேலிக்காரி சவுக்கு மரத்தைக் காட்டினாள். பார்வைக்குப் பைன் இலைபோல் தொங்கினாலும் அது கணுக்கணுவாக உள்ள மெல்லிய குச்சி, வளைத்தால் ஒவ்வொரு கணுவிலும் கழன்றுவிடும். கொடைக்கானலிலும் உதகை மலையிலும் நட்டு வளர்த்த பைன் காடுகள் இருக்கின்றன. அங்குள்ள பட்டுலா பைனின் இலை மெல்லியதாகத் தொங்கும், நீளம் இந்த வேலைக்குப் போதுமானது. மெல்லியதென்பதால் ஒரு திரிக்குச் சிர் இலையைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். காப்புக்காட்டில் உதிர்ந்த இலையானாலும் வனத்துறையிடம் கேட்காமல் அள்ளி வரக் கூடாது. தனியார் தோட்டத்திலோ தங்கும் விடுதியின் வளாகத்திலோ நிற்கும் மரமென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெருக்கி எரிப்பதற்குப் பதில் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாக்குப்பையையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள்.